செல்லைக் கழற்றி வைத்த கேமரா

சர்வேயர் வந்த அன்று எங்கள் உப்பளத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர், அவரைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்த பேங்க்காரர். வராதவர்கள் இரண்டு பேர். எட்டயபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா, மழையில் ரோடு அறுந்து கிடந்ததால் வரவில்லை. சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருந்த பக்கத்து அளத்துக்காரர், தன் நஷ்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். இவர்களைத் தவிர, இருந்திருக்க வேண்டிய இன்னொன்றும் அங்கே இல்லை. இருநூறு டன் உப்பு.

வீடு இடிந்தால் செங்கலாவது கிடக்கும். உப்பு போனால் எதுவும் மிஞ்சாது. வாரிய உப்பைக் குவித்து வைக்கும் மேட்டில், நாங்கள் அம்பாரத்தின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாய் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதற்கு அடியில் ஆள் உயரத்துக்கு மேல் உப்பு இருந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சர்வேயர் தார்ப்பாயின் ஒரு மூலையைக் காலால் தூக்கிப் பார்த்தார். சேறு.

"ஏலே, அந்தப் படத்தை எல்லாம் எடுத்து சாருக்குக் காட்டு" என்றார் அப்பா. அவர் குரலில் தெம்பு இருந்தது. நம்மிடம் படம் இருக்கிறது, படித்த பிள்ளை எடுத்த படம் என்ற தெம்பு.

அந்தப் படங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து உப்பளக் கூலிக்கு வந்தவர்கள். இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரினார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனது நான் ஒருத்தன்தான். பி.காம். முடித்த வருஷம் நானே பேங்க்குக்கு நடையாய் நடந்து, பாரத்தை நிரப்பி, அப்பா பெயரில் கடன் வாங்கி, மூன்று ஏக்கர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவையாக அவர்கள் வாரிய உப்பு அவர்களுடைய உப்பாக இருந்தது. மழைக்கு முன் விற்காமல் வைத்திருந்தால், மழை முடிந்ததும் விலை ஏறும் என்று அப்பா ஒரு மூட்டைகூட விற்கவில்லை.

கடனோடு சேர்த்து உப்புக்கு இன்சூரன்சும் போட்டார்கள். அப்போது பேங்க்காரர் ஒன்று சொன்னார். "அம்பாரத்தை அப்பப்போ தேதி விழுற மாதிரி படம் எடுத்து வையுங்க தம்பி. உப்பு விஷயம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா படம்தான் பேசும்."

என் போனின் கேமராவுக்குள் உப்புக்காற்று புகுந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதில் எதை எடுத்தாலும் புகைக்குள் நிற்பது போல் விழும். வெள்ளை உப்பை எடுத்தால் ஒன்றுமே விழாது. புது போன் வாங்க வழியில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு அருகில், வாட்சும் போனும் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடையில் போய் நின்றேன்.

"கேமராவா? இந்தக் காலத்துல கேமரா கேக்க ஒரு ஆள் வந்துருக்கானே" என்று கடை அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். உள்ளங்கை அளவில் வெள்ளி நிறத்தில் ஒன்று வந்தது. ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. பின்பக்கத் திரையில் நிறையக் கீறல்.

"ரெண்டு பென்சில் செல்லு போட்டா ஓடும். தேதி மூலையில மஞ்சளா விழும், பாரு."

"எவ்வளவு அண்ணாச்சி?"

"ஆயிரத்து ஐந்நூறு."

"பழசு அண்ணாச்சி."

"பழசுன்னுதாம்லே ஆயிரத்து ஐந்நூறு. புதுசுன்னா ஒன்கிட்ட ஏன் பேசுதேன்?"

ஆயிரத்து இருநூறுக்கு முடிந்தது. செல்லைப் போட்டு, தேதியும் நேரமும் சரியாக வைத்து, என்னையே ஒரு படம் எடுத்துக் காட்டிக் கொடுத்தார். மூலையில் அன்றைய தேதி விழுந்திருந்தது.

அன்று மாலையே அம்பாரத்தை எடுத்தேன். உயரம் தெரிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அப்பாவை நிற்கச் சொன்னேன். படம் என்றதும் அவர் வீட்டுக்குப் போய், அக்கா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக வந்து நின்றார். எடுத்துப் பார்த்தால் தலையும் இரண்டு கால் பாதமும் மட்டும் தெரிந்தன.

"மாப்பிள்ளை கணக்கா வந்தாவ, உப்போட உப்பாப் போயிட்டாவ" என்று அம்மா சிரித்தாள். "அந்தச் செவப்புத் துண்டைப் போத்திக்கிட்டு நில்லுங்க."

கடையில் எடுத்ததையும் இதையும் அழித்துவிட்டு, சிவப்புத் துண்டோடு மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் தேதி சரி. அம்மா கேமராவை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். விலையைச் சொன்னதும், "இத்தினிக்காண்டுக்கா? ரெண்டு வெடக்கோழி வாங்கிருக்கலாம்" என்றாள். ஆனால் அதைத் தன் பழைய சேலைத் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடிவைத்தவளும் அவள்தான். மூடுவதற்கு முன் இரண்டு செல்லையும் கழற்றினாள்.

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். டார்ச்சோ ரேடியோவோ, வேலை முடிந்தால் செல்லை உள்ளே விட்டுவைக்க மாட்டோம். உப்புக்காற்றில் நாலு நாள் விட்டால் செல் ஒழுகிப் பச்சை பூத்து, சாமானையும் சேர்த்துத் தின்றுவிடும். கழற்றிய செல்லை அம்மா ஒரு மூடியில் வைத்து ஓட்டின் மேல் வெயிலில் காயவைப்பாள். வெயில் பட்டால் இன்னும் கொஞ்சம் உயிர் வரும் என்பது கணக்கு. உப்பளத்தில் எல்லார் வீட்டிலும் இப்படித்தான். நானும் இதைப் பார்த்தே வளர்ந்ததால் அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நல்ல கேமரா என்றால், செல்லைக் கழற்றினாலும் தேதியைக் கொஞ்ச நாள் நினைவில் வைத்திருக்குமாம். அதற்கென்று உள்ளே கடுகு போல ஒரு குட்டி பேட்டரி இருக்குமாம். எங்களுடையதில் அது செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவை செல்லைப் போடும்போதும் அது முதலில் திரையில் ஒரு பெட்டியைக் காட்டும். தேதியைச் சரிசெய் என்று கேட்கும். நட்டநடு வெயிலில், சுற்றிலும் உப்பு வெளிச்சம் கண்ணைக் குத்தும்போது, கீறல் விழுந்த அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. ஏதோ கேட்கிறது என்று மட்டும் தெரியும். நான் நடுப் பொத்தானை அமுக்குவேன். பெட்டி போய்விடும். அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்க நிற்பார். செல் தீர்வதற்குள் எடுக்க வேண்டும். எடுப்பேன். ஐப்பசி முடியும்வரை அப்படி இருபத்தெட்டுப் படம் எடுத்தேன். கையைக் குவித்து நிழல் கட்டி ஒரே ஒரு தடவை அந்தப் பெட்டியைப் படித்திருந்தால் போதும். வீட்டில் எல்லாருக்கும் படித்துச் சொல்லும் வேலை என்னுடையது.

பிரிண்டும் போடவில்லை. மொத்தமாகப் போட்டால் குறைத்துக் கொடுப்பார்கள் என்று விட்டுவைத்தேன்.

பிறகு அந்த மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. குளங்கள் உடைந்து வந்த தண்ணீர் பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் இல்லாமல் மூடிப் போனது. நான்காம் நாள் இடுப்பளவு தண்ணீரில் அப்பாவும் நானும் போய்ப் பார்த்தோம். அப்பா தார்ப்பாய் மிதந்த இடத்தில் நின்று, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "கரிக்குது" என்றார்.

டப்பாவில் இருந்ததால் கேமரா தப்பித்தது. கரண்டு வந்ததும் ஸ்டுடியோவுக்கு ஓடினேன். முப்பத்தோரு படம், ஒன்று பதினைந்து ரூபாய். ஸ்டுடியோக்காரர்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி, மூணு படம் சரியா இருக்கு. மத்ததுல எல்லாம் ஒண்ணு ஒண்ணு ரெண்டாயிரத்து எட்டுன்னுல்லா விழுந்துருக்கு. அப்ப நீ மூக்கொழுகிட்டுல்லா திரிஞ்சிருப்ப."

நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரைக் காட்டி, "ரெண்டு நிமிஷ வேலை. என்னென்ன தேதி வேணும்னு சொல்லு, மாத்தித் தாரேன்" என்றார்.

"வேண்டாம்ணே. உள்ளதை உள்ளபடியே குடுப்போம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லது" என்றார்.

அந்த முப்பத்தொன்றைத்தான் அன்று சர்வேயரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்காவதில் நின்றார். பின்னால் உள்ளதையும் பார்த்தார். அப்பாவிடம், "அண்ணாச்சி, இதுல எதையாவது இடையில வித்தீங்களா?" என்றார்.

"ஒரு கல்லு விக்கல சார்."

முதல் மூன்று படத்தை மட்டும் எடுத்துத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார். மற்றதை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் பைக்கருகே கூடப் போனபோது தணிந்த குரலில் சொன்னார்: "இந்த மூணு போதும் தம்பி. பாலிசி போட்ட பிறகு எடுத்தது, தேதி இருக்கு, அளவு தெரியுது. மத்ததை வீட்டுல வையுங்க. கம்பெனிக்கு நீங்களா எதுவும் எழுத வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

'நான் பாத்துக்கிடுதேன்.' எத்தனை ஆபீஸ் வாசலில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்! சாதிச் சான்றிதழுக்கும் ரேஷன் கார்டுக்கும் இதைச் சொன்னவர்கள் அடுத்ததாகக் கையைத்தான் நீட்டியிருக்கிறார்கள். படிக்காத குடும்பம் என்று நினைத்து எதையோ மறைக்கிறார், நாளைக்குப் பணம் கேட்கப் போகிறார் என்று என் மனதில் விழுந்துவிட்டது. இருபத்தெட்டுப் படத்தை எதற்கு ஒளிக்க வேண்டும்? நாம் என்ன திருடினோமா? அவர் அன்று எங்களிடம் வாங்கிக் குடித்தது ஒரு டீ. அதற்கும் காசு கொடுக்கப் பார்த்தார். அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். செல்லைக் கழற்றும் வழக்கம், உப்புக்காற்று, கேமராவின் கோளாறு எல்லாவற்றையும் விளக்கினேன். இந்தக் கேமராவில் தேதி தானாக மாறிவிடும் என்பதால், படங்களில் விழுந்திருக்கும் தேதியைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம், உப்பை மட்டும் பார்க்கவும் என்று முடித்தேன். அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

கடிதம் அப்பா பெயரில் போக வேண்டும். கையெழுத்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிப் போட்டார்.

"என்னலே எழுதிருக்க, இம்புட்டு?"

"உண்மையைத்தாம்பா."

"பொறவு என்ன" என்றார்.

"எம்புள்ள எழுதுனா அவன் குடுத்துத்தாம்ளா ஆவணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே கைகழுவப் போனார். முப்பத்தோரு படத்துக்கும் இன்னொரு முறை பிரிண்ட் போடக் காசில்லை. கையில் இருந்த இருபத்தெட்டையும் கடிதத்தோடு வைத்துக் கம்பெனியின் பெரிய ஆபீசுக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். சர்வேயரிடம் சொல்லவில்லை.

மாசியில் பதில் வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம். அப்பா நாற்காலியில், அம்மா வாசற்படியில். "வாசிலே" என்றார் அப்பா. நான் முதலில் எனக்குள் வாசித்தேன். தாங்களே எழுத்து மூலம் தெரிவித்துள்ளபடி, மேற்படி கேமராவில் பதிவாகும் தேதிகள் நம்பத்தக்கவை அல்ல. ஆகையால் சர்வேயர் இணைத்துள்ள மூன்று படங்கள் உட்பட எந்தப் படமும் ஏற்கப்படவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

என் வரி. எனக்குப் பிடித்த வரி. அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டிருந்தார்கள்.

"என்னலே, வாயைத் தொறக்க மாட்டேங்க?"

"இல்லைன்னுட்டான்பா."

"எதுக்காம்?"

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருத்தன். என்ன சொன்னாலும் அதுதான் அந்தக் கடிதம். "படத்துல தேதி தப்பா இருக்காம்" என்றேன்.

"தேதி எப்படித் தப்பாவும்?"

"செல்லைக் கழட்டுனா தேதி அழிஞ்சிரும் போலப்பா."

அவ்வளவுதான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அப்பா மெல்லத் திரும்பி வாசற்படியைப் பார்த்தார்.

"ஏளா, செல்லைக் கழட்டுனது நீயா?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா அன்று பேசியதை எழுத எனக்கு மனமில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து சர்வேயர் போன் செய்தார். கோபம்கூட இல்லை, சலிப்புதான்.

"ஏன் தம்பி அப்படி எழுதுனீங்க? நான் மூணு லட்சத்து நாப்பதாயிரம் போட்டு ரிப்போர்ட் அனுப்பியாச்சு. அது பாஸ் ஆகுற நேரத்துல உங்க லெட்டர் போய் மேல விழுந்திருக்கு. வேண்டாம்னு சொன்னேன்ல?"

"நீங்க... நான் வேற மாதிரி நினைச்சேன் சார்."

"என்ன நினைச்சீங்க?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி, வையுங்க" என்றார். மேல்முறையீடு செய்து பார்த்தேன். அதற்கும் அதே வரியை எழுதி அனுப்பினார்கள்.

குத்தகையை விட்டோம். சித்திரையில் இரண்டு பேரும் பக்கத்து அளத்துக்காரரிடமே கூலிக்குப் போனார்கள். சாட்சிக்கு வராத அதே மனிதர். அங்கே அம்மாவுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. "ஏளா, மூணு லச்ச ரூவா செல்லு, தண்ணி கொண்டா" என்று உடன் வாருகிற பெண்கள் கூப்பிடுவார்களாம். அவள் கூடச் சிரிப்பாளாம். அப்பா சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் கதையைச் சொல்லும்போது கடைசியில், "புள்ள எல்லாம் சரியாத்தான் செஞ்சான். இவ கழட்டிட்டா" என்று முடிப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சொல்லிவிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. முதல் நாள் சொல்லாததை ஒரு மாதம் கழித்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பிறகு ஒரு வருஷம் கழித்து எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன மாதம் வாட்சுக்குப் பட்டை மாற்ற அதே கடைக்குப் போனேன். அண்ணாச்சி என்னை அடையாளம் கண்டு, "தம்பி, அந்தக் கேமரா இருக்கா? காலேஜ் பிள்ளைய எல்லாம் இப்ப பழைய கேமராதான் வேணும்னு அலையுது. கொண்டா" என்றார். கொண்டுபோனேன். இரண்டாயிரத்து எண்ணூறு கொடுத்தார். நான் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து அதை எடுத்துப் பார்த்தாள். அண்ணாச்சி செல்லைப் போட்டார். பெட்டி வந்தது. கடைக்குள் நிழல் என்பதால் எனக்கே தூரத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது.

"இரும்மா, தேதியை மாத்தித் தாரேன்."

"ஐயோ வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டாயிரத்து எட்டுன்னே விழட்டும். பழைய படம் மாதிரி இருக்கும், அதுக்குத்தான் வாங்குறதே" என்றாள் அந்தப் பெண். நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். எதை விற்ற பணம் என்று சொன்னேன். உப்பு வெடித்த விரல்களால் அவள் அதை இரண்டு தடவை எண்ணினாள்.

"என்னால போனதுல இதாவது திரும்பி வந்துச்சே மக்கா" என்றாள்.

அப்போதும் நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.

கேமரா வாங்கிய ஆயிரத்து இருநூறு, பிரிண்டுக்கு நானூற்று அறுபத்தைந்து, என் கடிதத்தால் போன மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அதில் இந்த இரண்டாயிரத்து எண்ணூறைக் கழித்துவிட்டால், கடைசியில் எங்களுக்கு ஆனது மூன்று லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து ரூபாய்.